செங்கல்பட்டுக்கு லீவு விட்டாச்சா?

ஐப்பசி பிறந்துவிட்டால் பல்லாவரத்துப் பிள்ளைகள் சீக்கிரம் எழுந்துவிடுகிறார்கள். படிக்கத்தான் என்று நினைத்து ஏமாற வேண்டாம். ராத்திரி பிடித்த மழை விடியற்காலை ஐந்தரைக்கும் விடவில்லை என்றால், டி.வி. திரையின் அடியில் ஓடும் எழுத்துகளைப் பார்த்தாக வேண்டும். ‘கனமழை காரணமாகச் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம்...’ என்று ஓடும். நான்காவதாக ஒரு பெயர் வருமா, வராதா? அடுப்பில் டிபன் பாக்ஸுக்கு வைப்பதா, யூனிஃபார்மை இஸ்திரி போடுவதா, திரும்பிப் படுப்பதா என்பதெல்லாம் அந்த ஒரு பெயரில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. அவர்களுக்குப் பல்லாவரமும் சென்னைதான். மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குகிறது, அதைத் தாண்டினால் பல்லாவரம். ஆனால் கலெக்டர் கணக்கு வேறு. 2018 ஜனவரியில் ஆலந்தூர் வட்டம் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டது. 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்தைப் பிரித்துச் செங்கல்பட்டு மாவட்டம் உண்டானபோது பல்லாவரமும் தாம்பரமும் அந்தப் பக்கம் போயின. அனகாபுத்தூரைத் தாண்டிக் குன்றத்தூருக்குப் போனால் அது காஞ்சிபுரம். அரை மணி நேர பஸ் பயணத்துக்குள் மூன்று கலெக்டர்கள். மேலே மேகம் மட்டும் ஒன்று. பல்லாவரத்தில் குடியிருந்து ஆலந்தூர்ப் பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சருக்கு லீவு கிடைத்து, அவர் மகளுக்குக் கிடைக்காத காலை உண்டு. அவள் கோபத்தோடு ஷூ போடும் காட்சியை இங்கே பல வீடுகளில் பார்க்கலாம். ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜானின் பக்கத்தில் போய் “அண்ணா, செங்கல்பட்டுக்குச் சொல்லுங்க” என்று கெஞ்சுகிற தலைமுறை இது. மழையை அவர் சொல்லலாம், லீவை விடக் கலெக்டரால்தான் முடியும். இந்த வித்தியாசம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இல்லை.

மேல்நாடுகளில் கோடை விடுமுறை முடிந்து இலையுதிர் காலத்தில்தான் பள்ளி ஆண்டே தொடங்குகிறது. நமக்கு அந்நேரம் ஆண்டின் நடுப்பகுதி. செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்தில் தொடங்கி, காலாண்டுத் தேர்வு, ஆயுத பூஜை, விஜயதசமிச் சேர்க்கை, தீபாவளி, கலைத் திருவிழா என்று ஓடி, டிசம்பர் அரையாண்டுத் தேர்வில் முடிகிற நான்கு மாதம். படிப்பும் பண்டிகையும் மழையும் ஒன்றையொன்று முட்டித் தள்ளும் காலம். ஒரு பள்ளி எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஜூன் மாதத்தில் போகாதீர்கள், இப்போது போங்கள்.

செப்டம்பர் 5-ஐப் பற்றி ஒரு வார்த்தை. 1962-ல் ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவரான ஆண்டிலிருந்து அவர் பிறந்த நாள் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. தமிழக அரசு அவர் பெயரிலேயே மாநில நல்லாசிரியர் விருதைத் தருகிறது. 10,000 ரூபாய், வெள்ளிப் பதக்கம், பாராட்டுச் சான்றிதழ். மாவட்டம் தோறும் சிலர் என்று ஆண்டுக்கு முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மேடை ஏறுகிறார்கள். பள்ளிகளில் அன்று பிளஸ் டூ பிள்ளைகள் புடவை கட்டி, வேட்டி கட்டி ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பார்கள். ரோஜாப்பூ, பேனா, கேக். ஆசிரியர்களைப் பாராட்டுவதில் நமக்குக் குறை வைத்துப் பழக்கமில்லை. ஆனால் இந்த நான்கு மாதம் ஒரு அரசுப் பள்ளி மூடாமல் ஓடுவதற்குக் காரணமானவர்களைக் கணக்கெடுத்தால், பாதிப்பேர் அந்த மேடைக்குக் கீழேதான் நிற்கிறார்கள்.

முதலில் சமையலறையிலிருந்து தொடங்குவோம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 அரசு தொடக்கப் பள்ளிகளுக்கென்று தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25-ல் திருக்குவளையில் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. 2024 ஜூலையில் ஊரக அரசு உதவிபெறும் பள்ளிகள் சேர்ந்தன. நகரப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்ட் 26 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நகரச் சாயலும் கிராமப் பெயரும் கலந்துகிடக்கும் தென்சென்னைப் புறநகருக்கு இந்தப் பிரிவினை ஒரு தலைவலிதான். ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆன பிறகும், அதன் எல்லைக்குள் ‘ஊராட்சி ஒன்றியப் பள்ளி’ என்ற பெயர்ப் பலகைகள் தொங்கிக்கொண்டிருந்தன. பலகைக்குத்தான் குழப்பம். பசிக்கு ஏது ஊராட்சியும் மாநகராட்சியும்?

ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ சேமியாவோ, சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம், உள்ளூரில் கிடைக்கும் காய். சமைத்த பிறகு 150 முதல் 200 கிராம் உணவும் 100 மில்லி சாம்பாரும் தட்டில் விழ வேண்டும் என்பது அரசாணைக் கணக்கு. கேட்கச் சின்னக் கணக்கு. மழைக் காலையில் அதே கணக்கை மகளிர் சுயஉதவிக் குழுப் பெண் எப்படிப் போடுகிறார் என்று பாருங்கள். ஆறு மணிக்கு அடுப்பு எரிய வேண்டும். நேற்று எழுபது பேர் வந்தார்கள், இன்று தூறல், எத்தனை பேர் வருவார்கள்? ஐம்பதுக்கு ரவை கொட்டினால் அறுபது பேர் வந்து நிற்பார்கள். எழுபதுக்குக் கொட்டிய அன்று ஆறே முக்காலுக்கு லீவு அறிவிப்பு வரும், அண்டாவில் உப்புமா ஆறிக் கட்டியாகும். இந்தப் பெண்ணின் பிள்ளையும் பெரும்பாலும் அதே பள்ளியில்தான் படிக்கிறது. அப்படிப்பட்டவரைத்தான் இந்த வேலைக்கு எடுக்க வேண்டும் என்று விதியே வைத்தார்கள். நல்ல விதி. தன் பிள்ளை சாப்பிடுகிற அண்டாவில் யாரும் அசட்டையாகக் கை போட மாட்டார்கள்.

மதியம் அந்த அடுப்பு சத்துணவு ஊழியர் கைக்கு மாறும். நீதிக்கட்சிக் காலத்தில், 1920-ல், சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஆரம்பித்து, காமராஜரின் 1956, எம்.ஜி.ஆரின் 1982 என்று வளர்ந்த சங்கிலியின் கடைசிக் கண்ணி இவர்கள். காலமுறை ஊதியம் கேட்டு இவர்கள் தெருவில் உட்காராத ஆண்டு குறைவு. காலை உணவையும் எங்களிடமே தந்திருக்கலாமே என்று இவர்களின் சங்கம் கேட்டது. அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. ஒரே சமையலறையில் காலைக்கு ஒருவர், மதியத்துக்கு ஒருவர், இரண்டு பேருக்குமே போதாத சம்பளம்.

இனி மழை. 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அடையாற்றங்கரையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் அனகாபுத்தூரும் தண்ணீரில் நின்றன. அந்த ஆண்டு அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குப் போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் பள்ளிகள் ஒரு வாரம் மூடிக் கிடந்தன. மூடிக் கிடந்தன என்பது பாடத்துக்குத்தான். ஆற்றோரத்து ஜனங்களுக்கு முதலில் திறக்கிற கதவு பள்ளிக்கூடக் கதவு. நடுராத்திரி தலைமை ஆசிரியருக்குப் போன் வரும், சாவி வேண்டும் என்று. வகுப்பறையில் பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கிப் பாய் விரிப்பார்கள். ஐந்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு ஒரே ராத்திரியில் பதினைந்து குடும்பங்களின் வீடாகும். வராண்டாக் கம்பியில் ஈரக் கைலியும் பள்ளிச் சீருடையும் பக்கத்தில் பக்கத்தில் காயும். அந்தச் சீருடைக்காரன் தன் வகுப்பறையிலேயே படுத்திருப்பான்.

முகாம் கலைந்த மறுநாளை யாரும் படம் எடுப்பதில்லை. பிளீச்சிங் பவுடர் நெடி, அடைத்துக்கொண்ட கழிவறை, சாம்பார் கறை ஏறிய தரை. திங்கட்கிழமை பிரேயருக்கு மணி அடிப்பதற்குள் இதையெல்லாம் கழுவிவிடுகிறவர் பள்ளித் தூய்மைப் பணியாளர். சில ஆயிரத்தில் அடங்கிவிடும் தொகுப்பூதியம், அதுவும் மாதா மாதம் கைக்கு வருவதில்லை என்று அவர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். ரோஜாப்பூ நாளன்று மேடைக்கு நாற்காலி போடுகிறவரும் அநேகமாக அவர்தான்.

பிள்ளைகளுக்கென்று புதுசாக வந்தவற்றில் எனக்குப் பிடித்தது ‘வாட்டர் பெல்’. 2025 ஜூன் இறுதியில் வந்தது. காலை பதினொன்று, மதியம் ஒன்று, மூன்று என்று தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி. காசு செலவில்லாத திட்டம், அதனாலேயே பேசப்படாமல் போகிற திட்டம். பெண் பிள்ளைகள் கழிவறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது எந்த டீச்சருக்கும் தெரியும். மணி அடித்தால் குடிப்பார்கள், சரி. ஆனால் பல்லாவரத்தில் இந்தப் பேச்சுக்கு இன்னொரு முனை உண்டு. 2024 டிசம்பரில் இங்கே சில தெருக்களில் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், உயிரும் போனது. குடிநீரில் கழிவுநீர் கலந்ததா, சாப்பாட்டுக் கோளாறா என்று வாதம் நடந்தது. அதற்குப் பிறகு இந்தப் பக்கத்துத் தாய்மார்கள் பாட்டிலில் நிரப்புவதற்கு முன் தண்ணீரை மோந்து பார்க்கிறார்கள். பதினொரு மணிக்கு மணி அடிப்பது பள்ளியின் வேலை. பாட்டிலுக்குள் இருப்பதற்குப் பொறுப்பு மாநகராட்சியுடையது. மழைக்காலத்தில் பள்ளித் தொட்டிகளைச் சுத்தம் செய்த தேதியைச் சுவரில் எழுதிவைத்தால் பாதி பயம் போய்விடும்.

பல்லாவரத்தில் பள்ளிகளுக்கும் பல சொந்தக்காரர்கள். மறைமலை அடிகள் இங்கே வாழ்ந்து 1950-ல் மறைந்தவர். அவர் பெயரில் அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வரும் கன்டோன்மென்ட் வாரியம் தனியாகப் பள்ளி நடத்துகிறது. கன்னியாஸ்திரிகள் நடத்தும் உதவிபெறும் பள்ளிகள், மெட்ரிக், சி.பி.எஸ்.இ. எல்லாம் ஜி.எஸ்.டி. சாலைக்கு இரு பக்கமும் கூப்பிடு தூரத்தில். இதில் அரசுப் பள்ளி யாருக்கானது என்பது கண்ணெதிரே மாறிக்கொண்டிருக்கிறது. தோல் பதனிடும் தொழிலும் கல்குவாரியும் இருந்த காலத்திலிருந்தே பம்மல், நாகல்கேணி பக்கம் பிழைக்க வந்தவர்களின் பூமி. அன்று வட ஆற்காட்டிலிருந்து வந்தார்கள், இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள். 2025 பத்தாம் வகுப்புத் தேர்வில் இந்தப் பகுதி அரசுப் பள்ளி ஒன்றில் படித்த பீகார் கட்டடத் தொழிலாளியின் மகள் தமிழில் 93 மதிப்பெண் வாங்கினாள். ஊரே கொண்டாடியது. அவளுக்கு அ, ஆ எழுதக் கைபிடித்தவர்கள் யாரோ சில தொடக்கப் பள்ளி டீச்சர்கள். அவர்கள் பெயர் எந்தச் செய்தியிலும் பெரிதாக வரவில்லை. ‘எண்ணும் எழுத்தும்’ போன்ற திட்டங்களுக்கு நிஜமான பரீட்சை இப்படிப்பட்ட வகுப்பறையில்தான் நடக்கிறது: முன்வரிசையில் இந்தி, நடுவில் தெலுங்கு, பின்னால் தமிழ்.

கடைசியாகக் கலைத் திருவிழா. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படி ஏறும் போட்டி. பறை, பரதம், களிமண் சிற்பம், பலகுரல். தீபாவளி முடிந்த வாரம் எந்த அரசுப் பள்ளிக்குப் போனாலும் ஒரு மூலையில் தாளம் கேட்கும். அதைச் சொல்லித்தருகிறவர் அநேகமாகப் பகுதிநேர ஆசிரியர். 2012-ல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி என்று 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. சம்பளம் பிறகு ஏறியது, வேலையின் பெயர் மாறவில்லை. பலர் விலகிப் போனார்கள், சிலர் இறந்தும் போனார்கள். 2021 தேர்தலில் தி.மு.க. அறிக்கையின் 181-வது வாக்குறுதி இவர்களைப் பணி நிரந்தரம் செய்வது. 181 என்ற எண்ணைப் பதாகையில் எழுதிக்கொண்டு இவர்கள் நுங்கம்பாக்கம் கல்வி வளாகத்தில் உட்கார்ந்ததைத் தமிழ்நாடே பார்த்தது.

மழை லீவுக்கு ஈடாகச் சனிக்கிழமை பள்ளி வைத்தால், மூன்று அரை நாள் கணக்குப் பார்க்காமல் பகுதிநேர ஆசிரியரும் வருகிறார். மாவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போவதும் அவர்தான். கோப்பையோடு திரும்பினால் தலைமை ஆசிரியர் அறையில் போட்டோ எடுப்பார்கள். மே மாதம் மட்டும் சம்பளம் கிடையாது என்பது பல ஆண்டுகளாக அவர்கள் சொல்லிவந்த முறையீடு. அடுத்த செப்டம்பர் 5-க்கு என்ன பரிசு தரலாம் என்று கல்வித் துறை யோசித்தால், அவர்களுடைய முறையீடுகளிலிருந்து ஆரம்பிக்கலாம்.