பந்தய வண்டியின் சக்கரத்தில் உராய்வு

மாட்டு வண்டியின் அச்சுக்கு விளக்கெண்ணெயும் வைக்கோற் கரியும் குழைத்து மையிடுவது நம் முன்னோர் வழக்கம். மையில்லா அச்சு கிரீச்சிடும், மாடும் இளைக்கும். பந்தய மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும் உண்மை அது.

மலேசியாவில் 1994ஆம் ஆண்டு தொடங்கிய கப் பிரி பந்தயத்தில் ஓடுபவை, பினாங்குத் தெருக்களில் நாள்தோறும் காணும் கப்சாய் இனத்து வண்டிகளே. அவற்றின் எஞ்சின் சிறியது. ஆகவே, சிறிதளவு ஆற்றல் வீணானாலும் அது பெரிதாகத் தோன்றும்.

சக்கரக் குடத்தின் இருபுறமும் பேரிங்குகள் உள்ளன. அவற்றின் உள்வளையம் அச்சோடு நிற்கும். வெளிவளையம் சக்கரத்தோடு சுழலும். இடையே எஃகுக் குண்டுகள் உருளும். இங்குத் தடை மூன்று வழிகளில் பிறக்கிறது.

முதலாவது, ரப்பர் சீல். வெளிவளையத்தோடு சுழலும் அதன் விளிம்பு, உள்வளையத்தை அழுத்தி உரசுகிறது. இரண்டாவது, மிகுதியான கிரீஸ். குண்டுகள் அதைப் பிசைந்துகொண்டே ஓட நேரும். உள்ளிடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிரீஸே போதும். மூன்றாவது, பலரும் கவனியாதது: இரு பேரிங்குகளுக்கு நடுவேயுள்ள இடைக்குழாய். அது சற்றே குட்டையாயினும், அச்சு நட்டை முடுக்கும்போது உள்வளையங்கள் பக்கவாட்டில் நெருக்கப்பட்டுக் குண்டுகள் இறுகிவிடும்.

பந்தய மெக்கானிக் முதலில் இடைக்குழாயின் நீளத்தைச் சரிபார்ப்பார். பின்னர், குடத்தின் உட்புறம் நோக்கிய சீலைக் கழற்றுவார். அங்கே புழுதி புக வழியில்லை. வெளிப்புறத்தில் உரசாத உலோக மூடி அமைத்து, இலேசான கிரீஸ் இடுவார். அடிக்கடி பிரித்துப் பார்த்து, தேய்ந்ததை மாற்றவும் செய்வார்.

இதைக் கண்ட இளைஞர் சிலர், சாலையில் ஓட்டும் வண்டியிலும் சீலைக் கழற்றிவிடுகின்றனர். தூக்கி நிறுத்திய சக்கரம் கையால் சுழற்றியதும் நெடுநேரம் சுற்றினால், வண்டியின் வேகம் கூடிவிட்டதென மகிழ்கின்றனர். ஆனால் பாரமின்றிச் சுழலும் சக்கரம் வேறு. ஆளைச் சுமந்து ஓடும் சக்கரம் வேறு. வேகம் இரு மடங்கானால், காற்றை எதிர்த்துச் செல்லவே எட்டு மடங்கு ஆற்றல் தேவை. அதன்முன் சீலின் தடை மிக அற்பம்.

சீல் கொள்ளும் சிறு ஆற்றல், காவற்காரனுக்கு நாம் கொடுக்கும் கூலி. காவலை நீக்கினால் மழைநீர் புகும், கிரீஸ் கெடும், குண்டுகள் துருவேறிச் சிதையும், ஒருநாள் சக்கரம் ஆட்டங்காணும். அப்போது போவது பந்தயப் பரிசன்று, உயிர்.

உராய்வையெல்லாம் பகையென்று கொள்ளலாகாது. வீணான உராய்வு எது, காக்கும் உராய்வு எது எனப் பிரித்தறிய வேண்டும். பட்டறை வேலைக்குச் செல்லவிருக்கும் மாணவர்க்கு ஆசிரியர்கள் இதனை அறிவியற் பாடத்திலேயே விளக்குவது நலம்.