12 வயதில் கடலை வென்ற ஈரோட்டுச் சிறுவன்!

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் உண்டு. மண்டிகள் உண்டு. கடல்தான் கிடையாது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நீச்சல் பழகியதெல்லாம் கிணற்றில்தான். முதுகில் சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனை பெரியவர் ஒருவர் கையில் இருக்கும்.

இதேபோல் கடல் இல்லாத பக்கத்து ஊர் ஈரோடு. அங்கே 1981-ல் பிறந்தவர் குற்றாலீஸ்வரன். அவர் கடலில் செய்த சாதனையைக் கேட்டால் வியப்பாக இருக்கும்.

படகைத் தொடக்கூடாது!

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே இருக்கிறது இங்கிலீஷ் கால்வாய். பெயர்தான் கால்வாய். உண்மையில் அது கடல்! மிகக் குறுகலான இடத்திலேயே அகலம் சுமார் 33 கிலோமீட்டர். ஏறக்குறைய சேலத்தில் இருந்து சங்ககிரிக்குப் போகும் தூரம்.

கோடையிலும் தண்ணீர் சில்லென்று இருக்கும். நீரோட்டம் ஆளைப் பக்கவாட்டில் இழுக்கும். கூடவே ஒரு படகு வரும். ஆனால் அதைத் தொடக்கூடாது, தொட்டால் தோல்வி! ஆகாரத்தைக்கூடப் படகில் இருந்து நீட்டுவார்கள். நீரில் மிதந்தபடியே சாப்பிட வேண்டும்.

1994-ம் ஆண்டு ஆகஸ்டு 15. இந்தியாவின் சுதந்திர தினம். அன்று அந்தக் கடலை நீந்திக் கடந்தான் சிறுவன் குற்றாலீஸ்வரன். அப்போது வயது 12!

ஆண்டு ஒன்று, கடல் ஆறு

அதற்கு முன் கல்கத்தாவைச் சேர்ந்த மிகிர் சென், 1966-ல் ஒரே ஆண்டில் 5 நீர்வழிகளைக் கடந்து புகழ் பெற்றிருந்தார். குற்றாலீஸ்வரன் 1994-ல், பாக் நீரிணை உள்பட 6 கடல்வழிகளைக் கடந்து அதை முறியடித்தார். 1996-ம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் அவரைத் தேடி வந்தது.

பிறகு?

கடல் நீச்சலுக்குச் செலவு அதிகம். வெளிநாட்டுப் பயணம், படகு, துணைக்கு ஆட்கள் என்று பணம் கரையும். தொடர்ந்து உதவ ஆள் கிடைக்கவில்லை. குற்றாலீஸ்வரன் நீச்சலை விட்டுவிட்டு என்ஜினீயரிங் படிக்கப் போனார். குளிரும் அலையும் தடுக்க முடியாதவரைப் பணம் தடுத்துவிட்டது!

கிணற்றில் பழகும் பிள்ளைக்குக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார். கடலை வென்று வந்த பிள்ளைக்கும் அப்படி ஒரு கை வேண்டாமா?