இலங்கையில் தாய் சேய் நலம்

இலங்கையில் தாய் சேய் நலம் என்பது கருவுற்ற பெண்கள், பிள்ளை பெற்ற தாய்மார், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஆகியோருக்கு அந்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை வழங்கிவரும் சேவைகளையும், அவற்றால் ஏற்பட்ட மாற்றங்களையும் குறிக்கும். வருமானம் குறைந்த நாடாக இருந்தபோதே தாய், சிசு மரணங்களைப் பெருமளவில் குறைத்ததால், வளர்ந்துவரும் நாடுகளுக்கு இலங்கை ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது.

மரண வீதங்கள்

கருவுற்றிருக்கும் காலத்திலோ, கர்ப்பம் முடிவுற்று 42 நாட்களுக்குள்ளோ, அதனுடன் தொடர்புடைய காரணத்தால் ஒரு பெண் இறப்பது தாய் மரணம் எனப்படும். ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு எத்தனை தாய்மார் இறக்கின்றனர் என்பதே இதன் அளவுகோல். இலங்கையில் 1930களின் நடுப்பகுதியில் இந்த எண்ணிக்கை 2,000ஐத் தாண்டியிருந்தது. 1950களின் முற்பகுதியில் ஏறத்தாழ 500 ஆகவும், 2010களில் 30க்கும் 40க்கும் இடைப்பட்டதாகவும் குறைந்தது. ஐக்கிய நாடுகள் சபை 2030ஆம் ஆண்டுக்கென உலகளவில் நிர்ணயித்த இலக்கு 70க்கும் குறைவு என்பதாகும்.

சிசு மரணமும் இவ்வாறே குறைந்தது. மலேரியா பெருந்தொற்று உச்சத்தில் இருந்த 1935இல், உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளில் 263 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. இன்று அது 10க்கும் குறைவு.

மருத்துவமாதுக்களின் பணி

1926இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியுடன் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. நோயாளி மருத்துவமனைக்கு வரும்வரை காத்திராமல், வரையறுக்கப்பட்ட ஒரு பகுதியில் வாழும் அனைவரின் நலத்துக்கும் பொறுப்பேற்பதே இதன் அடிப்படை. பின்னர் இம்முறை நாடெங்கும் விரிந்தது. இன்று ஒவ்வொரு பகுதிக்கும் சுகாதார வைத்திய அதிகாரி ஒருவர் பொறுப்பாக இருக்க, அவரின் கீழ் பொதுச் சுகாதார மருத்துவமாதுக்கள் பணியாற்றுகின்றனர்.

சில ஆயிரம் மக்கள் வாழும் ஒரு பிரிவு ஒரு மருத்துவமாதிடம் ஒப்படைக்கப்படுகிறது. தம் பிரிவிலுள்ள குடும்பங்களைப் பதிவேட்டில் குறித்துவைக்கும் அவர், கருவுற்ற பெண்ணை வீட்டிலேயே சந்தித்துப் பதிவு செய்து, கிளினிக்குக்கு வரச் செய்கிறார். அங்கு இரத்த அழுத்தம், சிறுநீர், எடை, இரத்தச்சோகை ஆகியவை பார்க்கப்படுகின்றன. இரத்த அழுத்தம் கூடினால் வலிப்பு வரும்வரை காத்திராமல் முன்னரே மருத்துவமனைக்கு அனுப்ப முடிகிறது. பிரசவத்துக்குப் பின்னரும் வீட்டுக்குச் சென்று தாயின் உதிரப்போக்கு, காய்ச்சல், தாய்ப்பாலூட்டல், குழந்தையின் கொப்பூழ் ஆகியவற்றைக் கவனிக்கிறார்.

தொடக்க காலத்தில் பெரும்பாலான பிரசவங்கள் வீட்டிலேயே நடந்தன. பயிற்சி பெற்ற மருத்துவமாதுக்கள் தூய்மையான முறையில் பிரசவம் பார்க்கத் தொடங்கியதும் கிருமித்தொற்றால் ஏற்பட்ட மரணங்கள் குறைந்தன. கிராமப்புற மருத்துவமனைகள் பெருகியபோது பிரசவங்கள் படிப்படியாக அவற்றுக்கு மாறின. இப்போது வீட்டுப் பிரசவம் மிக அரிது.

துணைநின்ற காரணங்கள்

சுகாதாரத் துறையின் முயற்சி மட்டுமே இம்மாற்றத்துக்குக் காரணமன்று. 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. தெளித்து மலேரியா கட்டுப்படுத்தப்பட்டதால் கர்ப்பிணிகளின் இரத்தச்சோகை குறைந்தது. அக்காலத்தில் பரவலான நுண்ணுயிர்க்கொல்லிகள் பிரசவத் தொற்றுகளைக் குணப்படுத்தின. 1931இல் ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்த பின், பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கேட்கும் மக்களின் குரலுக்கு அரசியல்வாதிகள் செவிகொடுக்க வேண்டியதாயிற்று. 1940களில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி பெண்களின் எழுத்தறிவை உயர்த்தியது. குடும்பத் திட்டமிடல், தொடர்ந்து வழங்கப்பட்ட தடுப்பூசிகள், 1973இல் தொடங்கிய திரிபோஷா சத்துமாவுத் திட்டம் என்பனவும் தாய் சேய் நலத்துக்கு உதவின.

மரணத்தைப் பதிவதும் ஆராய்வதும்

பிறப்பு, இறப்புப் பதிவு இலங்கையில் நீண்ட காலமாகவே நடைமுறையில் உள்ளது. இதனால் எந்தப் பகுதியில் எத்தனை தாய்மார் இறந்தனர் என்பது தெரிந்தது. 1980கள் முதல் ஒவ்வொரு தாய் மரணத்தையும் தனித்தனியாக ஆராயும் முறையும் வந்தது. அபாய அறிகுறியை அறிந்து மருத்துவ உதவி நாடுவதில் தாமதமா, மருத்துவமனையை அடைவதில் தாமதமா, அடைந்த பின் சிகிச்சை கிடைப்பதில் தாமதமா என்று இம்முறையில் கேட்கப்படுகிறது. யார்மீது குற்றம் சுமத்துவது என்பதைவிட, அடுத்த மரணத்தை எவ்வாறு தடுப்பது என்பதே இதன் நோக்கம். பிரசவத்துக்குப் பிந்திய உதிரப்போக்கு இன்றும் முக்கியக் காரணங்களில் ஒன்று. இதய நோய் போன்ற மறைமுகக் காரணங்களின் பங்கும் பெரிதாகியுள்ளது.

மலையகத் தோட்டங்கள்

தேசிய சராசரி எல்லா மக்களின் நிலையையும் காட்டுவதில்லை. தேயிலைத் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழர்களின் மருத்துவத் தேவைகள் நீண்ட காலம் தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தன. சுதந்திரத்தை அடுத்து அவர்களில் பெரும்பாலோர் குடியுரிமையையும் வாக்குரிமையையும் இழந்தனர். கிராமங்கள் வாக்கின் பலத்தால் மருத்துவமனைகளைப் பெற்ற காலத்தில், தோட்ட மக்களிடம் அந்தப் பலம் இருக்கவில்லை. தோட்டப் பகுதிகளின் சிசு மரண வீதம் பல பத்தாண்டுகள் தேசிய சராசரியைவிட உயர்ந்திருந்தது. தோட்டங்கள் 1970களில் தேசியமயமாக்கப்பட்ட பின்னரும், அரசின் சுகாதார சேவை அங்கு விரிவடைந்த பின்னரும் இந்த இடைவெளி குறையத் தொடங்கியது. எனினும் லயன் அறைகளின் நெருக்கடி, எடை குறைந்த குழந்தைப் பிறப்பு, தாய்மாரின் ஊட்டச்சத்துக் குறைபாடு, மலைப்பாதைகளில் மருத்துவமனைக்குச் செல்லும் சிரமம் ஆகியவை இன்றும் முழுமையாகத் தீரவில்லை.

பிற நாடுகளுக்கான பயன்

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி 2020இல் உலகில் ஏறத்தாழ 2,87,000 தாய்மார் இறந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வருமானம் குறைந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள். உதிரப்போக்கு, உயர் இரத்த அழுத்தம், கிருமித்தொற்று ஆகிய முதன்மைக் காரணங்களுக்குச் சிகிச்சை முறைகள் முன்பே உள்ளன. அவை உரிய நேரத்தில் கிடைக்காததே பெரும் சிக்கல். வீடுவரை வரும் பயிற்சி பெற்ற பணியாளர், அவர் அனுப்பும் நோயாளியை ஏற்கும் இலவச மருத்துவமனை, ஒவ்வொரு மரணத்தையும் கணக்கில் எடுக்கும் பதிவு ஆகிய மூன்றும் இணைந்தால் நாடு செல்வமடையும் முன்னரே உயிர்களைக் காக்க முடியும் என்பதை இலங்கையின் அனுபவம் காட்டுகிறது. அச்சேவை சென்றடையாத மக்கள் அதே நாட்டிலேயே பின்தங்கிவிடுவர் என்பதைத் தோட்டங்களின் வரலாறு காட்டுகிறது.