பகுதி சபைக்குப் போவோம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

கிராமங்களிலிருந்து வந்து நம் கல்லூரியில் பயிலும் நண்பர்களிடம் கிராம சபை என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். உடனே விடை சொல்வார்கள். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் ஊர்ப் பொதுவிடத்தில் கூடுவார்கள், வரவு செலவு படிப்பார்கள், தீர்மானம் போடுவார்கள் என்பார்கள். ஆனால் நகரத்திலேயே பிறந்து வளர்ந்த நம்மிடம், "உங்கள் வார்டு எண் என்ன?" என்று கேட்டால் விழிக்கிறோம். சென்ற ஆண்டு வரை நானும் அவ்வாறு விழித்தவள்தான். நகரத்துக்கும் கிராம சபை போன்ற ஓர் அவை உண்டு. அதற்குப் பகுதி சபை என்று பெயர். அது எவ்வாறு அமைந்தது, அதில் மாணவராகிய நமக்கு என்ன வேலை என்பதை என் அனுபவத்தோடு சேர்த்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடவோலை முதல் பகுதி சபை வரை

உள்ளாட்சி என்றதும் நாம் உத்திரமேரூரைச் சொல்லாமல் இருப்பதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அங்கே உள்ளன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் செய்த முறையை அவை கூறுகின்றன. பெருமைக்குரிய செய்திதான். ஆயினும் அதே கல்வெட்டு, கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையவரே அதற்குத் தகுதியுடையவர் என்றும் கூறுகிறது. எங்கள் தெருவில் ஒருவருடைய பெயரும் அந்தக் குடத்தில் விழுந்திருக்காது!

பிற்காலத்தில் 1688 ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி தோன்றியது. 1882 இல் ரிப்பன் பிரபு தல சுய ஆட்சிக்கு வழிவகுத்தார். விடுதலைக்குப் பின், அரசியலமைப்பின் 74 ஆவது திருத்தம் 1993 சூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. மூன்று இலட்சமோ அதற்கு மேலோ மக்கள் வாழும் நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றும், குடிநீர், துப்புரவு, சாலை முதலிய 18 பணிகள் நகராட்சிகளுக்கு உரியன என்றும் அத்திருத்தம் வகுத்தது. ஆனால் கிராமத்தவருக்கு கிராம சபை கிடைத்ததைப் போல, நகரவாசி ஒவ்வொருவரும் உட்காரக்கூடிய அவை அதில் இல்லை.

அக்குறையைத் தீர்க்க வந்ததே பகுதி சபை. தமிழ்நாட்டில் 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதே ஆண்டில் வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் வந்தன. 2022 நவம்பர் முதல் நாள், உள்ளாட்சி தினத்தன்று, பல நகரங்களில் பகுதி சபைகள் கூடின.

இதன் அமைப்பு எளியது. ஒரு வார்டு பல பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. அப்பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லாரும் சபையின் உறுப்பினர்கள். பகுதிக்கு ஒருவர் வார்டு குழுவில் இடம் பெறுகிறார். வார்டு குழுவின் தலைவர் அவ்வார்டின் கவுன்சிலர். பகுதியின் பிரதிநிதி தேர்ந்தெடுக்கப்படாமல் நியமிக்கப்படுவது ஒரு குறையே. அதனாலேயே மக்கள் நேரில் போய் உட்கார வேண்டியது இன்னும் அவசியமாகிறது.

எங்கள் தெருவின் தண்ணீர்

எங்கள் தெருவில் ஒன்றுவிட்டு ஒரு நாள் காலையில் தண்ணீர் வரும். சென்ற ஆண்டு ஆடி மாதம் முதல் முதல் நாலு குடம் சாக்கடை வாடை அடித்தது. எதிர்வீட்டுக் குழந்தை வயிற்றுப்போக்கால் ஐந்து நாள் மருத்துவமனையில் கிடந்தது. செப்டம்பரில் நடந்த பகுதி சபைக்கு எங்கள் தெருவிலிருந்து இருபது பேர் திரண்டு போனோம். இருபது பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். "பார்க்கிறோம்" என்றார்கள். திரும்பி வந்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

நடந்ததை எங்கள் துறை ஆசிரியர் ஒருவரிடம் சொன்னேன். "நீ வேதியியல் மாணவிதானே! ஆய்வுக்கூடத்தில் கண்டதை நோட்டில் எழுதாமல் முடிவு சொல்வாயா?" என்று கேட்டார். அக்கேள்வி என்னைச் சுட்டது.

குழாயில் எப்போதும் நீர் நிரம்பி ஓடினால் உள்ளிருக்கும் அழுத்தம் வெளி அழுக்கை உள்ளே விடாது. விட்டு விட்டு நீர் விடும்போது, நீர் நின்றதும் அழுத்தம் குறைகிறது. அப்போது குழாயில் விரிசல் இருந்து, அருகில் சாக்கடையும் இருந்தால், கழிவுநீர் உள்ளே கசிகிறது. மறுமுறை நீர் திறந்ததும் அதுவே முதலில் வருகிறது. நீரில் கலக்கும் குளோரின், வீட்டுக் குழாயை அடையும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். கழிவு கலந்தால் குளோரின் அதோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். குளோரோஸ்கோப் என்னும் சிறு கருவியில் மருந்துத் துளி விட்டால் குளோரின் உள்ள நீர் மஞ்சளாகும். இல்லாத நீர் நிறம் மாறாது.

ஆசிரியரிடம் அக்கருவியை இரவல் பெற்றேன். தண்ணீர் வந்த பத்து நாட்கள், தெருவின் 34 வீடுகளிலும் நாள், நேரம், வாடை, நிறம் நான்கையும் குறித்தேன். முதலில் சிரித்தவர்கள் பிறகு தாங்களே சொம்பில் நீரைப் பிடித்து வைத்துக் காத்திருந்தார்கள். முடிவு தெளிவாகத் தெரிந்தது. சிறுபாலத்துக்கு இப்பால் உள்ள 23 வீடுகளிலும் நீர் மஞ்சளாயிற்று. அப்பால் உள்ள 11 வீடுகளில் முதல் குடம் நிறம் மாறவில்லை. பாலத்தடியில் குழாய் சாக்கடைக்குள்ளேயே போகிறது!

சனவரி 26 அன்று கூடிய சபைக்கு இந்த நோட்டோடு போனோம். இம்முறை ஒருவர் மட்டும் பேசுவது என்று முடிவு செய்திருந்தோம். நான் பேசுவேன் என்றுதான் எல்லாரும் எண்ணினார்கள். எழுந்தவர் என் தாயார். "எம் பொண்ணு எழுதினது இதுல இருக்கு. அந்த பாலத்தடியில தோண்டிப் பாருங்க. தோண்டுறோம்னு எழுதிக் குடுங்க" என்றார். பேச்சு அவ்வளவே. தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். இருபது நாளில் தோண்டினார்கள். பழைய இரும்புக் குழாய் இரண்டிடத்தில் அரித்திருந்தது. ஓரிடத்தை அடைத்துவிட்டார்கள். மற்றொன்று இன்னும் பாக்கி. நான்கு வீடுகளில் இன்றும் வாடை வருகிறது.

நாம் செய்யக்கூடியது

பகுதி சபை எல்லாக் குறைகளையும் தீர்க்கும் மந்திரக்கோல் அன்று. கூட்டம் நடக்கும் செய்தியே பல தெருக்களுக்கு எட்டுவதில்லை. ஆயினும், வாயால் சொன்னது காற்றோடு போகிறது. தீர்மானமாக எழுதியதைப் பற்றி அடுத்த கூட்டத்தில் கேள்வி கேட்கலாம். எனவே நண்பர்கள் மூன்று காரியங்கள் செய்ய வேண்டுகிறேன். முதலாவது, வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேருங்கள். 1989 ஆம் ஆண்டுக்கு முன் வாக்குரிமை வயது 21. அன்றாக இருந்தால் இருபது வயதான எனக்கு இச்சபையில் இடமில்லை. இரண்டாவது, போகுமுன் ஒரே ஒரு குறையை எடுத்துக்கொண்டு, அதை எண்ணிக்கையோடு எழுதுங்கள். மூன்றாவது, தீர்மானம் எழுதப்பட்டதா என்று பார்த்த பிறகே வீட்டுக்குத் திரும்புங்கள்.

நம்மில் பலர் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கிறோம். 1969 இல், காந்தியடிகளின் நூற்றாண்டு விழாவையொட்டித் தொடங்கிய திட்டம் அது. முகாமுக்காக வேறோர் ஊருக்குப் போய் மண்வெட்டி பிடிக்கும் நாம், நம் தெருவுக்காக ஒரு பென்சில் பிடிக்கலாகாதா?

வரும் ஏப்ரல் 14, அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளில், எங்கள் பகுதி சபை மீண்டும் கூடுகிறது. மீதமுள்ள நான்கு வீடுகளின் கணக்கு என் நோட்டில் தயாராக இருக்கிறது. அன்று உங்கள் பகுதியிலும் சபை கூடுகிறதா என்று விசாரியுங்கள். கூடினால் போய் உட்காருங்கள். நாற்காலி காலியாகத்தான் இருக்கும்.