பொருளுக்கும் பொறுப்பு உண்டு

சில வருஷங்களுக்கு முன்பு, நண்பர்கள் கூடி நடத்தி வந்த ஒரு சிறு வாசகசாலைக்கு, புத்தகங்கள் போவதையும் வருவதையும் குறித்து வைப்பதற்காக, ஜாவா மொழியில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். ஒரு மாத காலம் ஒழுங்காக ஓடிய அந்த நிரல், ஒருநாள் காலையில், ஒரு நாவல் இரவல் போயிருப்பதாகவும், ஆனால் அதை எடுத்துச் சென்றவர் ஒருவருமில்லை என்றும், அது திரும்ப வேண்டிய தேதி அடுத்த வெள்ளிக்கிழமை என்றும் சர்வ சாதாரணமாக அறிவித்தது. அந்த நாவலோ அலமாரியில் தன் இடத்தில் இருந்தது. இந்த விசித்திரத்தின் மூலத்தைத் தேடிப் போனதில் நான் கற்றுக்கொண்டதே இந்தக் கட்டுரையின் விஷயம்.

ஜாவா, சி பிளஸ் பிளஸ் போன்ற மொழிகளில் எழுதப்படும் நிரல், பல பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக் காரியத்தை நடத்தும் ஒரு சபை போன்றது; இந்த முறைக்குப் பொருள்நோக்கு நிரலாக்கம் என்று பெயர். ஒவ்வொரு பொருளும் தனக்குரிய தகவல்களையும், அவற்றைக் கொண்டு தான் செய்யக்கூடிய செயல்களையும் தன்னிடமே வைத்திருக்கும். ஒரே வகைப் பொருள்களுக்கெல்லாம் பொதுவான அச்சுக்குக் கிளாஸ் என்று பெயர். நம் மேல்நிலைப் பள்ளிப் பாடநூல் கிளாஸை ‘இனக்குழு’ என்றும், ஒரு கிளாஸ் மற்றொன்றின் இயல்புகளைப் பெற்றுப் பிறப்பதை ‘மரபுரிமம்’ என்றும் சொல்லுகிறது. பாடநூலுக்கு அவை பொருத்தமே. ஆனால் வேலை செய்கிற இடங்களில் கிளாஸ், ஆப்ஜெக்ட் (பொருள்), மெத்தட் (செயல்) என்பவைதாம் வழங்குகின்றன. ஊரோடு ஒத்துப்போவதில் எனக்கு ஆட்சேபமில்லை.

என் நிரலில் ‘புத்தகம்’ என்றொரு கிளாஸ் இருந்தது. இரவல் போயிருக்கிறதா, யாரிடம், எந்தத் தேதி வரை என்ற மூன்று விவரங்களும் அதற்குள் இருந்தன. அவற்றை ‘பிரைவேட்’ என்று குறித்து, வெளியார் தொடாதபடி அந்தரங்கமாக்கியிருந்தேன், அம்மட்டில் சரி. ஆனால், அப்படிக் குறித்த கையோடு, ஒவ்வொரு விவரத்துக்கும் அதை எடுத்துக் காட்ட ஒரு கெட்டரும், மாற்றியமைக்க ஒரு செட்டருமாக ஆறு மெத்தடுகளை, நிரல் எழுதும் கருவியில் ஒரு பொத்தானை அழுத்தி உண்டாக்கிவிட்டேன். வாசலைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதைதான். இரவல் கொடுக்கும் பக்கம், திருப்பி வாங்கும் பக்கம் என்று நிரலின் பல மூலைகளிலிருந்தும் இந்தச் செட்டர்களை அழைத்தேன். மூன்றையும் சேர்த்தே மாற்றவேண்டும் என்ற நியதி என் ஞாபகத்தில் மட்டுமே இருந்தது. ஓரிடத்தில் பெயரை மட்டும் அழித்துவிட்டு மற்ற இரண்டையும் மறந்துவிட்டேன். நாவல் யாருமில்லாத ஒருவருக்கு இரவல் போனது இவ்வாறுதான்.

பரிகாரம் எளிது. செட்டர்களை நீக்கிவிட்டு, ‘இரவல்கொடு’, ‘திரும்பப்பெறு’ என்ற இரண்டு மெத்தடுகளைப் புத்தகத்துக்கே கொடுத்தேன். மூன்று விவரங்களும் அந்த மெத்தடுகளுக்குள் ஒருசேர மாறும். ஏற்கெனவே இரவல் போன புத்தகத்தை மறுபடி கொடுக்கச் சொன்னால், மறுத்துப் பிழை எழுப்பும் அதிகாரமும் புத்தகத்துக்கு உண்டு. ஒரு பொருளிடம் விவரங்களைக் கேட்டு வாங்கி, அதன் சார்பில் நாமே யோசித்து, முடிவை அதன் தலையில் கட்டுவதைவிட, செய்யவேண்டிய காரியத்தைச் சொல்லி அதனிடமே விட்டுவிடுவது மேல் என்பது அனுபவஸ்தர்களின் அபிப்பிராயம். பொருள்நோக்கு நிரலாக்கத்தின் மற்ற யோசனைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றின் கிளைகளே என்பது என் அபிப்பிராயம்.

இது புதிய ஞானம் அன்று. நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில், கப்பல் போக்குவரத்தையும் தொழிற்சாலை வரிசைகளையும் போன்ற உலக நடப்புகளைக் கம்ப்யூட்டரில் நடத்திப் பார்க்கும் பொருட்டு, ஓலே யோஹான் தால், கிறிஸ்டன் நிகார்ட் என்ற இருவர் உருவாக்கிய சிமுலா 67 என்ற மொழியிலேயே கிளாஸ், ஆப்ஜெக்ட், மரபுரிமம் மூன்றும் அமைந்துவிட்டன. அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் ஸ்மால்டாக் மொழியைச் சமைத்த ஆலன் கே, உயிரியல் படித்தவராதலால், நிரலின் பொருள்களை உயிரணுக்களாகவே பாவித்தார். ஓர் உயிரணு மற்றொன்றின் உள்ளே கைவிட்டு எதையும் எடுப்பதில்லை; செய்தி அனுப்புகிறது, பதில் பெறுகிறது. செட்டர்களால் நிறைந்த ஒரு கிளாஸைக் காணும்போதெல்லாம், தோலில்லாத உடம்பைக் காண்பதுபோல் எனக்கு மனம் கூசுகிறது.

தோலிருந்தும் கசிவதுண்டு. அதே வாசகசாலை நிரலில் இரண்டாவது விபரீதம் நேர்ந்தது. தாமதக் கட்டணம் கணக்கிடும் பகுதி, புத்தகத்தின் தவணைத் தேதியைக் கெட்டர் மூலம் கேட்டு வாங்கி, சலுகை நாட்கள் மூன்றைக் கூட்டுவதற்காக அந்தத் தேதியை முன்னே நகர்த்திற்று. புத்தகத்தின் சொந்தத் தவணையும் கூடவே நகர்ந்துவிட்டது. ஏனெனில், கெட்டர் கொடுத்தது தேதியின் நகலை அன்று, தேதியையே; ஜாவாவின் பழைய ‘டேட்’ கிளாஸின் தேதியோ பிறந்தபின்னும் மாறக்கூடியது. வாங்கியவர் கையில் அது மாறினால் கொடுத்தவர் வீட்டிலும் மாறும். போதாக்குறைக்கு, அந்தக் கிளாஸில் ஜனவரி மாதத்தின் எண் 0. வருஷத்தையோ 1900-ஐக் கழித்துக் கொடுக்கவேண்டும். 2000 என்று நேராக எழுதினால் 3900-ஆம் வருஷம் பிறக்கும். 2014-இல் வெளிவந்த ஜாவா 8 இந்த அவஸ்தைக்கு முடிவு கட்டிற்று. அதில் வந்த ‘லோக்கல்டேட்’ பிறந்தபின் மாறாதது. மூன்று நாள் கூட்டச் சொன்னால், தான் இருந்தபடி இருந்துகொண்டு, புதிய தேதி ஒன்றை உண்டாக்கிக் கொடுக்கும். ஆகையால், மாறவேண்டிய அவசியம் இல்லாத பொருளை மாறாததாகவே படையுங்கள். யார் கையில் கொடுத்தாலும் நிம்மதியாகத் தூங்கலாம்.

மரபுரிமத்துக்கு வருவோம். ஆரம்பத்தில் எல்லாரையும் மயக்குவது இதுதான். வேண்டிய மெத்தடுகள் வேறொரு கிளாஸில் ஆயத்தமாக இருக்கும்போது, அதன் வம்சத்தில் பிறந்துவிட்டால் உழைப்பு மிச்சம் என்று தோன்றும். ஜாவாவைப் படைத்தவர்களே இதில் ஏமாந்தார்கள். ‘ஸ்டாக்’ என்பது, ஓட்டலில் கழுவி அடுக்கிய எவர்சில்வர் தட்டுகளைப் போன்றது. கடைசியாக வைத்ததையே முதலில் எடுக்கவேண்டும், நடுவில் கைவைக்கலாகாது. ஆனால் ஜாவாவின் முதல் பதிப்பிலேயே, எந்த இடத்திலும் செருகவும் எடுக்கவும் இடங்கொடுக்கும் ‘வெக்டர்’ என்ற பட்டியலின் வாரிசாக ஸ்டாக்கைப் பிறப்பித்துவிட்டார்கள். வாரிசுக்குப் பூர்வீகச் சொத்து முழுவதும் வந்து சேருமல்லவா? அடுக்கின் நடுவிலிருந்து தட்டை உருவும் மெத்தடுகளும் வந்து சேர்ந்தன. அந்தக் கிளாஸை நம்பி எண்ணற்ற நிரல்கள் எழுதப்பட்டுவிட்டபடியால் பின்பு அதைத் திருத்தவும் வழியில்லாமல் போயிற்று. இன்று ஜாவாவின் ஆவணமே, இதை விடுத்து ‘டெக்’ வகையை உபயோகியுங்கள் என்று யோசனை சொல்லுகிறது.

ஸ்டாக் ஒரு வெக்டர் அன்று. அதற்குள் ஒரு வெக்டர் இருந்தால் போதும். பட்டியலை உள்ளே வைத்துக்கொண்டு, வைக்க ஒன்று, எடுக்க ஒன்று, மேலே இருப்பதைப் பார்க்க ஒன்று என்று மூன்று மெத்தடுகளை மாத்திரம் வெளியே காட்டினால் காரியம் முடிந்தது. எரிக் காமாவும் அவருடைய கூட்டாளிகள் மூவரும் எழுதி 1994-இல் வெளிவந்த ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ என்ற நூல், மரபுரிமத்தைவிட இப்படி உள்ளடக்கிக்கொள்வதே விரும்பத்தக்கது என்று வற்புறுத்துகிறது. தந்தை நிற்கும் இடத்திலெல்லாம் மகன் தயக்கமின்றி நிற்கமுடியுமா என்று கேட்டுப்பார்ப்பதே மரபுரிமத்துக்கு உரைகல். இதனைத் தெளிவாக வரையறுத்தவர், பின்னாளில் டூரிங் விருது பெற்ற பார்பரா லிஸ்காவ் என்ற அம்மையார்.

பெயர் வைப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு கிளாஸுக்கு ‘மேனேஜர்’ என்றோ ‘ஹெல்பர்’ என்றோ பெயரிட்டிருந்தால், அதன் பொறுப்பு இன்னதென்று எழுதியவருக்கே நிச்சயமில்லை என்று கொள்ளலாம். பொறுப்பு தெளிந்தால் பெயர் தானே வரும். மெத்தட் ஐந்து வரிக்கு மேல் போகக்கூடாது என்று விதிக்கும் கண்டிப்புக்காரர்களோடு எனக்கு உடன்பாடில்லை. திரையை உருட்டாமல் படிக்க முடிந்தால் சரி.

இவ்வளவு திருத்தங்களையும் பயமின்றிச் செய்வதற்குச் சோதனைகள் வேண்டும். ஜாவாக்காரர்கள் நாள்தோறும் கையாளும் ஜேயூனிட் என்ற சோதனைக் கருவி, 1997-இல் சூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்குப் பறந்த விமானத்தில், கென்ட் பெக் என்பவரும் மேலே சொன்ன எரிக் காமாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதத் தொடங்கியது. என் வாசகசாலைக்கு நான் எழுதிய முதல் சோதனை நாலே வரி: புத்தகத்தை இரவல் கொடு, திரும்பப் பெறு, அது யாரிடமும் இல்லை என்று உறுதி செய், தவணைத் தேதியும் இல்லை என்று உறுதி செய். அதை முன்பே எழுதியிருந்தால் அந்த நாவல் அநாதையாகியிராது.

நீங்களும் நிரல் எழுதுபவரானால், நாளைக் காலையில், உங்கள் நிரலில் மிக அதிகமாகப் புழங்கும் கிளாஸைத் திறந்து, அதிலுள்ள செட்டர்களில் ஒன்றை அழித்துவிட்டுக் கம்பைலரை ஓட்டிப் பாருங்கள். எந்தெந்த வரிகளைப் பிழையென்று அது காட்டுகிறதோ, அந்த வரிகளில் ஒவ்வொன்றும் அந்தக் கிளாஸுக்குள் இருந்திருக்கவேண்டிய ஒரு வேலை. அவற்றை ஒவ்வொன்றாக வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.