ஃபேர்மவுண்ட் தந்த மனிதர்கள்

ஃபேர்மவுண்ட் என்பது ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், கிராண்ட் கவுண்டியில் உள்ள சிற்றூர். சோளமும் சோயாவும் விளையும் சமவெளியில் அமைந்த இவ்வூரின் மக்கள்தொகை மூவாயிரத்துக்கும் குறைவு. அடிமை முறையை ஏற்காமல் தென் மாநிலங்களை விட்டு வெளியேறிய குவேக்கர் எனும் கிறித்தவப் பிரிவினர் 19ஆம் நூற்றாண்டில் இப்பகுதியில் பெருமளவில் குடியேறினர். இத்தனை சிறிய ஊரிலிருந்து உலகறிந்த பலர் வந்துள்ளனர். எனினும் ஊரின் பெயரோடு உடனே நினைவுக்கு வருபவர் ஒருவர்தான்: நடிகர் ஜேம்ஸ் டீன்.

டீன் பிறந்தது ஃபேர்மவுண்டில் அல்ல. அருகிலுள்ள மேரியன் நகரில், 1931 பிப்ரவரி 8 அன்று. குடும்பம் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. அவருக்கு ஒன்பது வயதானபோது தாய் புற்றுநோயால் இறந்தார். தாயின் உடல் இந்தியானாவுக்கு வந்த அதே ரயிலில் சிறுவனும் வந்து சேர்ந்தான். அதன்பின் ஃபேர்மவுண்டில் பண்ணை வைத்திருந்த அத்தை ஆர்டென்சும் மாமா மார்கஸ் வின்ஸ்லோவும் அவரை வளர்த்தனர். உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் கூடைப்பந்து ஆடினார். நாடக ஆசிரியை ஆடலின் நாலிடம் மேடைப் பயிற்சி பெற்றார். 1949இல் பள்ளிப் படிப்பை முடித்து ஊரை விட்டுச் சென்றார்.

1955 பிப்ரவரியில் புகைப்படக் கலைஞர் டென்னிஸ் ஸ்டாக்குடன் டீன் ஊருக்கு வந்தார். பண்ணை, தெரு, பள்ளி எனப் பல இடங்களில் படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றில் டீன் உள்ளூர்க் கடை ஒன்றின் சவப்பெட்டிக்குள் விளையாட்டாக அமர்ந்திருக்கிறார். அவ்வாண்டு செப்டம்பர் 30 அன்று கலிபோர்னியாவில் கார் விபத்தில் இறந்தார், வயது 24. உடல் ஃபேர்மவுண்டின் பார்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் முதன்மை வேடமேற்ற மூன்று படங்களில் ஒன்று மட்டுமே அதற்குள் வெளியாகியிருந்தது. இன்றும் ரசிகர்கள் அக்கல்லறையைத் தேடி வருகின்றனர். 1983இல் கல்லறைக் கல்லே திருடு போனது. ஆண்டுதோறும் செப்டம்பரில் அவர் பெயரில் விழா நடைபெறுகிறது.

'கார்ஃபீல்ட்' பூனையைப் படைத்த ஜிம் டேவிசும் 1945இல் மேரியனில் பிறந்து, ஃபேர்மவுண்ட் அருகே ஒரு பண்ணையில் வளர்ந்தவர். பண்ணையில் ஏறத்தாழ 25 பூனைகள் இருந்தன. ஆஸ்துமா காரணமாக வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளைக்குத் தாய் பென்சிலும் தாளும் கொடுத்தார். அவருடைய முதல் முயற்சிகளில் ஒன்று ஒரு பூச்சியைப் பற்றிய சித்திரத் தொடர். அது பெரிதாக எடுபடவில்லை. தாத்தாவின் பெயரைக் கொண்டு அவர் உருவாக்கிய சோம்பேறிப் பூனை, 1978 ஜூன் 19 அன்று 41 செய்தித்தாள்களில் அறிமுகமாகி, பின்னர் ஆயிரக்கணக்கான இதழ்களுக்குப் பரவியது.

அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையத்தின் இயக்குநராக 1987 முதல் 1995 வரை பணியாற்றிய ராபர்ட் ஷீட்சும் இவ்வூரில் வளர்ந்தவரே. 1992இல் ஆண்ட்ரூ சூறாவளி புளோரிடாவைத் தாக்கியபோது, மையத்தின் கூரையில் இருந்த ரேடாரையே காற்று பெயர்த்தெறிந்தது. அந்நாட்களில் அவர் தொலைக்காட்சிகளில் தோன்றி மக்களுக்கு நிலைமையை விளக்கினார்.

குவேக்கர் குடும்பத்தில் 1873இல் இங்குப் பிறந்த ஓவியர் ஆலிவ் ரஷ், 1920இல் நியூ மெக்சிகோவின் சான்டா ஃபேயில் குடியேறினார். அங்குள்ள பழங்குடி மாணவர்களுக்குச் சுவரோவியம் கற்பித்தார். தம் வீட்டைக் குவேக்கர் சபைக்கே விட்டுச் சென்றார்.

இவர்கள் அனைவரிலும் குறைவாக நினைவுகூரப்படுபவர், சமூகத்தில் ஏற்படுத்திய தாக்கத்தால் டீனுக்கு எவ்வகையிலும் குறையாத மேரி ஜேன் வார்ட். இவர் 1905இல் ஃபேர்மவுண்டிலேயே பிறந்தவர். இளம் வயதிலேயே குடும்பம் இல்லினாய் மாநிலத்துக்குச் சென்றுவிட்டதால் ஊருடனான தொடர்பு நீடிக்கவில்லை. எழுத்தாளரான அவர் 1940களின் தொடக்கத்தில் மனநலம் குன்றி, நியூயார்க் மாநில அரசு மருத்துவமனை ஒன்றில் பல மாதங்கள் இருந்தார். நெரிசலான அறைகள், மின்னதிர்ச்சி சிகிச்சை, நோயாளியிடம் எதையும் கேட்காமலே எடுக்கப்படும் முடிவுகள் ஆகியவற்றை 'பாம்புக் குழி' எனப் பொருள்படும் 'தி ஸ்னேக் பிட்' புதினத்தில் எழுதினார். 1946இல் வெளியான அந்நூல் பெரும் விற்பனை கண்டது. 1948இல் ஒலிவியா டி ஹாவிலண்ட் நடிப்பில் திரைப்படமானபோது, அரசு மனநல மருத்துவமனைகளின் நிலை நாடெங்கும் பேசுபொருளாகியது. அப்போது மனநோய் என்பது வீட்டுக்குள்ளேயே மறைத்து வைக்கப்பட்ட செய்தி. தான் நோயாளியாக இருந்ததை ஒரு பெண் கதையாக்கி அச்சில் ஏற்றுவது அரிது.

நோய் அவரை மீண்டும் தாக்கியது. மீண்டும் மருத்துவமனை சென்றார். மனநோயை மையமாக வைத்து 1969இலும் 1970இலும் மேலும் இரு புதினங்களை வெளியிட்டார். 1981இல் அரிசோனாவின் டூசான் நகரில் காலமானார்.