இடுப்பு ஒடிந்தவருக்கு முதலில் வலி தீரட்டும்

எண்பதைத் தாண்டியவருக்கு இடுப்பு ஒடிந்தால் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "மயக்க மருந்தைத் தாங்குவாங்களா?" என்பதுதான். இதய வால்வு சுருங்கியவர், நுரையீரல் கெட்டவர் என்றால் மருத்துவருக்கும் அதே கவலை. முதுகில் போடும் ஊசி ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்த ஊசியையே தள்ளிப்போட வேண்டியிருக்கும். இதற்கிடையில் "புத்தூர் கட்டு போட்டுடலாம்" என்று உறவினர் ஒருவர் சொல்வார். விலகி முறிந்த தொடை எலும்புக் கழுத்து கட்டுக்குச் சேருவது அரிது. படுத்துக் கிடக்கக் கிடக்க நெஞ்சுச் சளி, படுக்கைப்புண், காலில் ரத்தக்கட்டு என ஆபத்துதான் ஏறும்.

இவர்களுக்குக் கைகொடுப்பது 'நெர்வ் பிளாக்' எனப்படும் நரம்பு ஊசி. இடுப்பு மூட்டின் வலியைச் சுமக்கும் நரம்புகளை மட்டும் அது மரக்கச் செய்கிறது. 2018இல் டொரன்டோவின் பிலிப் பெங் குழு விவரித்த 'பெங்' ஊசியைப் பாருங்கள். கவட்டைக்கு மேலே அல்ட்ராசவுண்டு கருவியை வைத்து, இடுப்பெலும்புக்கும் அதன்மேல் கிடக்கும் தசைநாணுக்கும் நடுவே சுமார் 20 மில்லி மருந்தை விடுகிறார்கள். மருந்து இறங்க இறங்க, தசைநாண் எலும்பைவிட்டு மெல்ல எழும்புவது திரையில் தெரியும். காலைத் தொடவிடாமல் அலறியவரை, சற்று நேரத்தில் முதுகு ஊசிக்காக உட்காரவைக்க முடிகிறது.

இது ஒன்றே அறுவைக்குப் போதாது. மூட்டின் பின்புறத்துக்கும் தோலுக்கும் வேறு நரம்புகள் போகின்றன. இதயம் மிகவும் நலிந்தவருக்கு இடுப்பு, திரிக நரம்புப் பின்னல்கள் இரண்டையும் மரக்கவைத்து, லேசான தூக்க மருந்தோடு அறுவையை முடிப்பதும் உண்டு. அதற்குத் தேர்ந்த கை வேண்டும். மருந்து ரத்தத்தில் அதிகம் கலந்தால் வலிப்பு வரலாம், இதயமே நிற்கலாம்; அதை முறிக்கும் 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

முழு மயக்கமா, முதுகு ஊசியா என்ற பழைய சர்ச்சையில், 1,600 பேரை வைத்து 2021இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வு, 60 நாள் கழித்துப் பிழைத்து நடப்பதில் பெரிய வித்தியாசம் காணவில்லை. நரம்பு ஊசியோ வலியைக் குறைக்கிறது, முதியவர்களுக்கு வரும் மனக்குழப்பத்தையும் குறைக்கிறது.

பெரிய மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே வலி வாட்டுகிறது. உதாரணமாக, திண்டிவனத்திலிருந்து முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 30 கிலோமீட்டர். ஒடிந்த இடுப்போடு ஸ்ட்ரெச்சரில் ஏறி இறங்குவதே சித்திரவதை. பெங் ஊசியைவிட எளிதான 'ஃபேசியா இலியாக்கா' ஊசியைப் பிரிட்டனில் பயிற்சி பெற்ற செவிலியர்களே போடுகிறார்கள். அந்தப் பயிற்சி நம் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வர வேண்டும். ஊசி போட்ட பிறகே ஆம்புலன்ஸ் கிளம்ப வேண்டும். அதுவரை வீட்டார், சாப்பிடும் மாத்திரைச் சீட்டை மருத்துவரிடம் காட்டிவிட்டு, "வலிக்கு நரம்பு ஊசி போட முடியுமா, டாக்டர்?" என்று தயங்காமல் கேட்கலாம்.